பூஜ்யம் டிகிரியும் என் கையிலிருந்த சாவியும்

இந்த மாதத்தில் நீலகிரி மலையில், எங்கள் அரவேணுவில் மத்தியானம் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். முதலில் எதிர்ச்சரிவின் தேயிலை மறையும், பிறகு ரோடு, கடைசியில் எங்கள் வீட்டு கேட். அந்த நேரத்தில் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், பார்த்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்து நின்றுவிட்டுப் போகிறது. வரிசை கிரமம் கிடையாது. மனைவி எட்டிப் பார்த்து, "தூங்கறீங்களா, யோசனை பண்றீங்களா?" என்பாள். இந்த வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள். "சார், இப்பெல்லாம் ஒரே நாள்ல முப்பது திருத்தம் வருதுங்க. பாதி மெஷின் எழுதிக் குடுத்தது. எல்லாமே சுத்தமா இருக்குது. இதுல யாரை நம்பி கமிட் உரிமை குடுக்கறதுன்னே தெரியலீங்க. உங்க காலத்துல எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டாள். உங்க காலம் என்றதும், நான் ஏதோ தந்தி ஆபீசில் வேலை பார்த்தவன்போல ஆகிவிட்டேன். சிரித்துக்கொண்டேன். எழுதி அனுப்புகிறேனம்மா என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இந்த இடம் சரியில்லை, இப்படி மாற்றுங்கள் என்று யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை உண்மையான நிரலில் சேர்க்கும் அதிகாரம் நாலைந்து பேருக்குத்தான் இருக்கும். அதற்குத்தான் கமிட் உரிமை என்று பெயர். நாங்கள் சுருக்கமாகச் சாவி என்போம். ஊர் முழுக்க வந்து போகும் வீடுதான், ஆனால் பீரோச் சாவி இன்னார் இடுப்பில் என்று ஒரு கணக்கு இருக்குமல்லவா, அதுபோல.

எங்கள் மென்பொருளின் பெயர் 'தூறல்'. மழைமானிகளையும் வெப்பமானிகளையும் படித்துச் சேர்த்து வைப்பது அதன் வேலை. எஸ்டேட்களிலும் சிறு விவசாயிகளின் தோட்டங்களிலும் கருவிகள் இருந்தன. சாயங்காலம் வெப்பம் இறங்கும் வேகத்தைப் பார்த்து, விடியலில் உறைபனி விழும் என்று தோன்றினால் அந்தப் பகுதிக்காரர்களின் செல்போனுக்குத் 'தூறல்' செய்தி அனுப்பிவிடும். செய்தி வந்தால் இளஞ்செடிகளின் மேல் மிலார் என்ற புதர்ச்செடிகளை வெட்டிப் போட்டு மூடுவார்கள். மூடினால் பிழைக்கும்.

நான் பாலிடெக்னிக் படித்தவன். கோயமுத்தூரில் பஞ்சாலைகளுக்கு நிரல் எழுதினேன், வேர்வையும் பஞ்சுமாக இருபது வருடம். மனைவிக்குக் கோத்தகிரியில் வேலை கிடைத்ததும் நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறினேன். குன்னூரில் ஒரு மாடி அறையில் 'தூறல்' அலுவலகம் இருந்தது. அங்கே சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. எங்கள் தலைவி கௌசல்யாவுக்கு முப்பத்திரண்டு.

கௌசல்யா அருவங்காடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கிருந்த வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட வீடு அது, அதனால்தானோ என்னவோ எதற்கும் ஒரு முறை வைத்திருப்பாள். ஆனால் குரல் ஏறாது. திட்ட வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி கேட்பாள். பதில் வரும்வரை டீயை உறிஞ்சிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்ப்பாள். கீழே பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்கும், நமக்கோ நம் மூச்சுச் சத்தம் கேட்கும். அவள் அதட்டியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சாவி கொடுப்பதற்கு அவள் வகுத்திருந்த முறை இது. புதிதாக ஒருவர் பெயரைச் சாவிக்காரர்களில் யாராவது முன்மொழிய வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, சாவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இணையத்தில் எல்லோரும் படிக்கிற பொதுப்பலகையில் சம்மதமா இல்லையா என்று காரணத்தோடு எழுத வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விஷயம் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போகும். மறுத்தவர் சம்பந்தப்பட்டவருக்குத் தன் கைப்படக் கடிதமும் எழுத வேண்டும். "வேண்டாம்னு சொல்றவங்க மூஞ்சியைக் காட்டித்தான் சொல்லோணும்ங்கண்ணா" என்பாள். இன்னொன்று, ஒரு திருத்தத்தின் கீழே யாராவது கேள்வி கேட்டிருந்தால், கேட்டவர் திருப்தியாகும்வரை அதை உள்ளே சேர்க்கக் கூடாது. கேட்பவருக்குச் சாவி இருக்கிறதா என்பது கணக்கில்லை.

அந்தக் காலத்தில் சாவி மூன்று பேரிடம் இருந்தது. கௌசல்யா, நான், கூடலூரிலிருந்து மலையாளம் கலந்து எழுதும் பீட்டர். ஐந்து வருடத்தில் பலரை எடைபோட்டிருக்கிறேன். நிரல் சுத்தமாக இருக்கிறதா, சொன்ன நாளில் அனுப்புகிறாரா என்று பார்ப்பேன். எனக்கு மனிதர்களைத் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. தலைக்கனம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஆவணி மாதத்தில் கௌசல்யா செல்வராணியின் பெயரை முன்மொழிந்தாள். கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், டிவிஷன் ஆபீசில் குறிப்பெழுதும் வேலை செல்வராணிக்கு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தினமும் காலையில் கருவிப்பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அவள்தான். அவளுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் பலகையில் அவள் எழுதிய குறிப்புகள் நூற்றுக்கு மேல். 'பெட்டிக்குள் சிலந்தி கூடு கட்டினால் மழை குறைவாகக் காட்டுகிறது' என்பாள். 'கதவு தெற்கே பார்த்தால் வெயில் பட்டு இரண்டு டிகிரி கூடுகிறது' என்பாள். அவற்றை வைத்து நாங்கள் சரிசெய்த பிழைகள் ஏராளம்.

பீட்டர் சம்மதித்தார். நான் மறுத்தேன். முறைப்படி கடிதமும் எழுதினேன். 'உங்கள் குறிப்புகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் நிரல் எழுதாத ஒருவர் நிரலுக்குப் பொறுப்பேற்பது இயலாது' என்று, பரீட்சைத் தாள் திருத்துகிற தோரணையில் எழுதியிருந்தேன். அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: 'சரிங்க சார், புரியுது.' நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு மறந்துபோனேன்.

ஐப்பசியில் அடைமழை. நாள் கணக்கில் ஈரத்துணி வாசம், அறைக்குள்ளே புகைமாதிரி மஞ்சு. அந்த மயக்கத்தில்தான் கிஷோர் என்ற சென்னைப் பையனின் திருத்தம் வந்தது. கெட்டிக்காரன், மலைப்பக்கம் வந்ததே இல்லை. அப்போது சமவெளியிலும் 'தூறல்' பரவத் தொடங்கியிருந்தது. அங்கே வெப்பமானி பழுதானால் பூஜ்யம் என்று காட்டும். அதனால் பூஜ்யம் வந்தால் கருவி பழுது என்று குறித்து, யாராவது வந்து சரிபார்க்கும்வரை அந்த நிலையத்தை ஒதுக்கி வைத்துவிடலாம் என்று அழகாக எழுதியிருந்தான். பத்து வரி. முத்துமுத்தான நிரல்.

அதன் கீழே செல்வராணி கேட்டிருந்தாள்: 'எங்க டிவிஷன்ல மார்கழி, தை ரெண்டு மாசமும் நெசமாவே பூஜ்யம் வரும் சார். அப்ப என்ன ஆகும்?'

நான் பதில் எழுதினேன். 'சரியாக பூஜ்யத்தில் வந்து நிற்பது அபூர்வம். கருவி தசமப் புள்ளியோடுதான் காட்டும். கவலை வேண்டாம்.' எழுதிவிட்டு, அவள் திருப்திக்குக் காத்திராமல் பேச்சை முடிந்தது என்று குறித்து மூடினேன், திருத்தத்தைச் சேர்த்தேன். அவளுடைய எஸ்டேட்டில் இருந்தது பழைய கருவி. முழு எண்ணை மட்டும்தான் காட்டும். எந்த இடத்தில் எந்தக் கருவி என்ற பட்டியலைத் தயாரித்தவனே நான்தான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் என் வீட்டுவாசல் புல்லில் வெள்ளை படிவதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குகிறவன் நான். பூஜ்யம் வராது என்று சென்னைக்காரன் நினைத்தால் நியாயம். நானும் நினைத்தேன், அதுவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

மார்கழியில் ஒருநாள் மாலை உறைபனிச் செய்தி முறையாகப் போயிற்று. செல்வராணியின் டிவிஷனில் செடிகளை மூடினார்கள். விடியலில் வெப்பம் பூஜ்யத்தைத் தொட்டது, செடிகளுக்குச் சேதமில்லை. ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் புதிய நிரல், கருவி பழுது என்று குறித்து நிலையத்தை ஒதுக்கிவிட்டது. அதனால் அன்று மாலை செய்தி போகவில்லை. செய்தி இல்லையென்றால் பனி இல்லை என்று எல்லோரும் மிலாரை எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் காலையில் கௌசல்யாவுக்கு போன் வந்தது. என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போனாள். நான் பார்த்ததிலேயே அழகான காலை அதுதான், இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பள்ளம் முழுக்க வெள்ளை. கம்பிவேலி, சாணி, கல், ஓரமாகக் கிடந்த மிலார்க்குவியல், எல்லாவற்றின் மேலும் சீனி தூவியதுபோல வெள்ளை. காற்று அசையவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் நாற்றங்கால். டிவிஷன் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தங்கள் துண்டு நிலத்தில் நடுவதற்காக இரண்டு வருடமாக வளர்த்த தேயிலைக் கன்றுகள். ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் பனி மினுங்கியது. பார்க்க ஒன்றும் ஆகாததுபோல இருந்தது.

"தப்பிச்சிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

செல்வராணி என் பக்கம் திரும்பவில்லை. "வெயில் ஏறட்டும் சார். அப்புறம் தெரியும்" என்றாள்.

வெயில் ஏறியது. பனி கரைந்து சொட்டியது. பத்து மணிக்குள் இலைகள் வெந்த கீரைபோலத் துவண்டன, பிறகு கறுத்தன. பெண்கள் யாரும் அழவில்லை. ஒரு அம்மாள் மட்டும் செல்வராணியிடம் வந்து, "மெசேசு வந்தா மூடுனா போதும்னு நீதானே புள்ள சொன்ன" என்று கேட்டுவிட்டு நடந்தாள். முன்பெல்லாம் அவர்கள் மார்கழி பூராவும் தினமும் மூடி, தினமும் எடுப்பார்களாம். நாள் முழுக்க இலை பறித்துவிட்டு வந்து செய்கிற வேலை. செய்தியை நம்பலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் செல்வராணி. கருகியது கன்று மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூட்டத்தில் அவள் பேச்சுக்கு இருந்த மரியாதையை நான் அழித்திருந்தேன்.

குன்னூருக்குத் திரும்பினோம். அலுவலகத்தில் டீ வந்தது.

"ஏனுங்கண்ணா, அந்தப் பேச்சை மூடுனது யாருங்க?"

"நான்தானுங்க."

"அந்தப் புள்ள சரின்னு சொல்லிப்போட்டு அப்புறமா மூடுனீங்களா?"

அவள் சன்னலைப் பார்த்தாள். கீழே மேட்டுப்பாளையம் பஸ் கிளம்பிப் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

அன்றைக்கே நடந்ததைப் பொதுப்பலகையில் எழுதினேன். கிஷோரின் பெயரை ஒரு இடத்தில்தான் போட்டேன். என் பெயர் ஆறு இடத்தில் வந்தது. கடைசி வரியில் என் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கௌசல்யா வேண்டாமென்று தடுக்கவில்லை. தடுப்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன், அது நடக்காதபோது வலித்தது.

தை மாதத்துத் திங்கட்கிழமையில் செல்வராணியின் பெயர் மறுபடி வந்தது. இருந்த இரண்டு பேரும் சம்மதித்தார்கள். அவள்தான் தயங்கினாள். அலுவலகத்துக்கே வந்து, "எனக்குக் கோடிங் எழுத வராதுங்களே மேடம்" என்றாள்.

"எழுத இங்க ஆளு இருக்குதும்மா. எது உள்ளே போகக் கூடாதுன்னு பாக்கத்தான் ஆளு வேணும்" என்றாள் கௌசல்யா.

செல்வராணி யோசித்தாள். "மெசேஜை நம்பச் சொல்லி இன்னொரு தடவை நான் அவங்ககிட்டப் போய் நிக்கணும் மேடம். அதுக்கு இது எங்கிட்ட இருக்கணும்" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த நான் கணினித் திரையைத் துடைப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆறு மாதம் கனவில் நடப்பதுபோலப் போயிற்று. தினமும் வேலைக்குப் போனேன். நான் எழுதியதை வேறு யாராவதுதான் உள்ளே சேர்க்க வேண்டும். பழைய கருவிகளின் பட்டியலைப் புதுப்பித்தேன். பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே படிக்கும்படி எல்லா இடத்திலும் சரிசெய்தேன். யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் மரியாதையாகப் படித்து, நன்றி சொல்லி, சரி என்று குறித்தேன். திருந்திவிட்டேன் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். ஆடி மாதத்தில் பீட்டர் என் பெயரை முன்மொழிந்தார்.

திங்கட்கிழமை பலகையைத் திறந்தேன். பீட்டர் சம்மதம். கௌசல்யா சம்மதம். செல்வராணி மறுப்பு.

பழி வாங்குகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைத்துப் பயனில்லை. காது சூடாகிவிட்டது. மறுநாள் அவளுடைய கடிதம் வந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது.

'சார், உங்க மேல எனக்கு வன்மம் எதுவும் இல்லை. இந்த ஆறு மாசத்துல வந்த எல்லாத் திருத்தத்தையும் படிச்சுப் பாத்தேன். எல்லாத்துக்கும் நீங்க சரின்னு போட்டிருக்கீங்க. ஒண்ணுக்குக்கூட வேண்டாம்னு சொல்லலை. வைகாசியில நான் எழுதின குறிப்பு ஒண்ணு தப்புன்னு மறுநாள் எனக்கே தெரிஞ்சது. நீங்க அதுக்கும் சரி போட்டு நன்றி சொல்லியிருந்தீங்க. முன்னாடி நீங்க யாரையும் கேக்காம முடிவு பண்ணினீங்க. இப்ப யாரு சொன்னாலும் தலையாட்டறீங்க. பயந்துபோயிருக்கீங்க சார். எனக்கும் பயம் இருக்கு, அதனாலதான் கண்டுபிடிச்சேன். பயந்தவங்க கையில சாவி குடுக்க எனக்கு மனசு வரலை. மன்னிச்சுக்கங்க.'

நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். என் மனைவிகூட அந்த ஆறு மாதத்தில் என்னை அப்படிப் படித்ததில்லை. 'சரிம்மா, புரிகிறது' என்று பதில் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான், ஒரு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு வரி எழுத அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அந்த மாதத்திலேயே செல்வராணி ஒரு மாற்றம் கேட்டாள். இரண்டு டிகிரிக்கு இறங்கும் என்று தெரிந்தால் அதுவரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். அதை ஐந்து டிகிரி ஆக்கிவிடலாம், எதற்கு வம்பு என்று எழுதியிருந்தாள். கிஷோர் ஒரே மணிநேரத்தில் நிரலை எழுதிக் கொடுத்தான். பீட்டர் சரி போட்டார். என் விரலும் சரி போடத்தான் போயிற்று. அவளுக்குப் போய் இல்லையென்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு நாள் மருகினேன். பழைய குறிப்புகளை எடுத்து அவளுடைய டிவிஷனின் குளிர்காலம் முழுவதையும் ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். ஐந்து டிகிரி என்று வைத்தால் மார்கழி, தை முழுக்க அநேகமாகத் தினமும் செய்தி போகும்.

மூன்றாம் நாள் எழுதினேன். 'இதை நான் ஏற்கவில்லை. தினமும் செய்தி வந்தால் பதினைந்தாம் நாள் யாரும் செல்போனை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். பதினாறாம் நாள் பனி விழும். மறுபடி நீங்கள்தான் அவர்கள் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.'

அவளுக்குக் கோபம் வந்தது. "கருகுனது எங்க கன்னு சார், உங்களுது இல்ல" என்று போனிலேயே சொன்னாள். "ஆமாம்மா. ஆனாலும் வேண்டாம்" என்றேன். நாலு நாள் வாக்குவாதம். நான் இறங்கி வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டிருக்கிறாள். தினமும் அடிக்கிற போனை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை பலகையைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. மத்தியானம் வரை அந்தப் பக்கமே போகவில்லை. வெளியே மூடுபனி, குன்னூர் முழுவதும் காணாமல் போயிருந்தது. கௌசல்யாதான் தன் மேஜையிலிருந்து, "ஏனுங்கண்ணா, பலகையைப் பாக்கலீங்களா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். என் பெயருக்கு நேரே செல்வராணி எழுதியிருந்தாள்:

'நான் கேட்டதுக்கு இவர் வேண்டாம்னு சொன்னார். காரணத்தோட சொன்னார். நான் கோபப்பட்டும் மாத்திக்கலை. கோபம் எனக்கு இன்னும் போகலை. இவர்கிட்ட சாவி குடுக்கலாம், சம்மதம்.'